நாலாம் பிளாக் முன்னால் ஒரு வெள்ளைக் கூடாரம்

மிங்-தாஷ் ஊருக்கு வருகிறவர்கள் எல்லோரும் மரிபாவிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "உங்களுக்குப் பயமா இல்லையா?"

எதற்குப் பயம் என்று அவளுக்கு விளங்கியதே இல்லை. ஐந்து மாடிக் குடியிருப்புகள் நாற்பது, வரிசை வரிசையாக நிற்கின்றன. ஜன்னல் இல்லை, கதவு இல்லை, பலவற்றுக்குக் கூரையும் இல்லை. பள்ளிக்கூடத்தில் கரும்பலகை இருக்கிறது, தரை இல்லை. சினிமாக் கொட்டகையில் நாற்காலிகளுக்கு நடுவே ஆட்டுப் புழுக்கை. காற்று அடித்தால் எங்கோ ஒரு தகரம், யாரோ கதவைத் தட்டுவதுபோல் தட்டும். வந்தவர்கள் தாங்களாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஒருவர் முழங்கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். அந்த நேரம் பார்த்து மரிபா ஒரு வாளி உருளைக்கிழங்கோடு அவர்களைக் கடந்துபோவாள். காலி வீடுகளில் பேய் இருந்தால், முப்பது வருடத்தில் ஒரு தடவையாவது கரண்டு இல்லை என்று புகார் சொல்ல வந்திருக்காதா என்பது அவள் கட்சி.

கரண்டு அவள் பொறுப்பு. 1984-இல், இருபத்துமூன்று வயதில், துணைமின்நிலையத்து வேலைக்கென்று மலை ஏறி வந்தாள். மலைக்குள் வெள்ளீயம் இருந்தது. அதைத் தோண்ட இருபதாயிரம் பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டு ஊரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஊர் பாதி எழும்பியபோது, அதைக் கட்டச் சொன்ன நாடே இல்லாமல் போயிற்று. சுரங்கத்தை மூடினார்கள். கொதிகலன் நின்றது. 1993 குளிர்காலத்துக்கு முன் கடைசி லாரிகள் இறங்கின. அவள் கணவன் பகாஸ் பாத்திரங்களையும் கம்பளங்களையும் ஏற்றிவிட்டு, வண்டிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

"நீங்க முன்னால போங்க. பொறுப்பை வாங்கிக்க ஆள் வரட்டும், ஒப்படைச்சிட்டு வந்திடறேன்" என்றாள் மரிபா. மூன்று வயது மகளை இடுப்பில் வைத்திருந்தாள்.

ஆள் வரவில்லை. கடிதம் எழுதினாள், வரவில்லை. பகாஸ் ஏரிக்கரை ஊரில் இரண்டு வருடம் காத்திருந்தான், பிறகு காத்திருப்பதை நிறுத்திக்கொண்டான். மகள் வளர்ந்து மாஸ்கோவில் வேலைக்குப் போய்விட்டாள். மரிபா காலை ஏழு மணிக்குத் துணைமின்நிலையத்தைத் திறந்து, அளவுகளை நோட்டில் எழுதி, மாலை பூட்டினாள். ஒரு நாடு கலைந்ததற்காக ஷிப்ட்டை அப்படியே போட்டுவிட்டுப் போகமுடியாது.

கடைசியில் பத்து வீடுகள் மிஞ்சின. ஆடு வளர்ப்பவர்கள், தேனீ வைத்திருக்கும் ஒரு தம்பதி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் இரண்டு குடும்பங்கள். மாவட்ட மின் அலுவலகம் மூன்று வருடங்களுக்கு முன் ஒரு கடிதம் அனுப்பியது. பத்து வீட்டுக்குக் குறைந்தால் லைனைக் கழற்றிவிடுவார்கள், கம்பி வேறு பள்ளத்தாக்குக்குத் தேவைப்படுகிறது. ஒவ்வொரு செப்டம்பரிலும் ஆள் வந்து எண்ணுவார்.

அன்றிலிருந்து மரிபாவுக்குப் பத்து என்பதுதான் உலகம். தேனீக்காரர் இடம் மாறப்போவதாகப் பேசினால் அவர் வீட்டுக்குத் தயிர் கொண்டுபோவாள். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் இவளுக்குத் தூக்கம் இராது.

பத்தாவது வீடு சாதபெக். எண்பத்தொரு வயது, தனிக்கட்டை, நாலாம் பிளாக், மூன்றாம் மாடி. முப்பது வருடம் பாறையில் துளை போட்டவர். அந்தத் தூசி இன்னும் அவர் நெஞ்சில்தான் இருந்தது. மகன் தைலாக் தலைநகரத்தில் டயர் கடை வைத்திருந்தான், பதினொரு வருடமாக வரவில்லை. எதற்காகச் சண்டை என்பதை இரண்டு பேருமே சரியாகச் சொல்லமாட்டார்கள். மரிபா அவருக்கு மருந்து வாங்கிவருவாள், கரி தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறுவாள்.

"என்னை எதுக்கு இப்படித் தாங்குறே?" என்பார் சாதபெக்.

"நீங்க போயிட்டா எனக்கு இருட்டாயிடும், பைகெ." மூத்தவர்களை அப்படித்தான் அழைப்பார்கள்.

"என் பொண்டாட்டிகூட இப்படிச் சொன்னதில்லை."

"அவங்க மின் இலாகாவுல இல்லையே."

ஊரைப் பார்க்க ஆட்களை அழைத்துவருகிறவன் க்ளேப். தலைநகரத்து ரஷ்யன், இளைஞன், நல்லவன்தான். ஆனால் அவனுக்கு ஊர் செத்துக் கிடக்கவேண்டும். "மரிபா எஜெ," என்று ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டான், அக்கா என்கிற மரியாதையோடு. "அந்த மூணாம் மாடியில காயுதே, தாத்தாவோட உள்பனியன். அதை மட்டும் எடுக்கலாமா? படத்துல விழுது. ஆள் இருக்காங்கன்னு தெரிஞ்சா வந்தவங்களுக்குச் சிலிர்ப்பு வரமாட்டேங்குது."

சாதபெக் மேலேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "அதைப் போட்டுக்கிட்டு நான் வந்து நிக்கட்டுமா, சிலிர்ப்பு வருதா பாரு" என்றார்.

அந்த வருடம் ஆகஸ்ட் கடைசியில் சாதபெக்கின் இருமல் முற்றியது. எண்ணிக்கைக்கு ஒரு வாரம் இருந்தது. ஊருக்கு வண்டி ஓட்டும் துரத் என்பவனின் வேனில் மரிபா மாவட்டத் தலைநகருக்குப் போனாள். இரவு தெரிந்தவர் வீட்டில் தங்கி, காலையில் ஆஸ்பத்திரி திறந்ததும் முதல் ஆளாக உள்ளே நுழைந்தாள். சாதபெக்குக்குப் போன மாதம் எடுத்த எக்ஸ்ரே மருத்துவர் அம்மாள் கையில் இருந்தது.

"நுரையீரல்ல மூணுல ஒரு பங்குதான் வேலை செய்யுது. அந்த உயரத்துல இன்னொரு குளிர்காலம் இவர் இருக்கக்கூடாது" என்றார் அவர். "பிள்ளைகள் இருக்காங்களா?"

"தலைநகரத்துல ஒரு மகன்."

"பனி விழறதுக்குள்ள கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. அவர்கிட்டயும் சொல்லிடுங்க."

மரிபா மருந்துச் சீட்டை நான்காக மடித்தாள். வேனில் ஏறி உட்கார்ந்தபோதே முடிவு செய்திருந்தாள். ஒரு வாரம்தானே. எண்ணிக்கை முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம். எண்ணிவிட்டுப் போனால் அடுத்த செப்டம்பர்வரை லைன் நிற்கும். ஒரு வாரத்தில் யாரும் செத்துவிடமாட்டார்கள்.

ஊருக்கு மேலே சாலை கடைசியாக ஒரு முறை திரும்பும். அங்கிருந்து மிங்-தாஷ் முழுவதும் தெரியும். போனுக்குச் சிக்னல் கிடைக்கும் கடைசி இடமும் அதுதான். துரத் அந்த வளைவில் பிரேக் போட்டான். எஞ்சினை நிறுத்தினான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

கீழே, நாலாம் பிளாக் வாசலை ஒட்டி, ஒரு வெள்ளைக் கம்பளிக் கூடாரம் நின்றது.

கோடையில் மேய்ச்சல் நிலத்தில் எங்கு பார்த்தாலும் கூடாரம்தான், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். வீட்டு வாசலில் கூடாரம் வேறு விஷயம். ஒரு வீட்டில் சாவு விழுந்தால்தான் அதன் வாசலில் கூடாரம் எழும்பும், உடலை அதற்குள்தான் கிடத்துவார்கள். தலைநகரத்து அடுக்குமாடிகளின் நடுவிலும் அப்படித்தான். நாலாம் பிளாக்கில் குடியிருந்தது ஒரே ஒரு ஆள்.

மரிபாவின் மனதில் முதலில் வந்த சொல்: ஒன்பது.

சாதபெக்கின் முகம் அதற்குப் பிறகுதான் வந்தது. எவ்வளவு நேரம் பிந்தி வந்தது என்று அவளால் சொல்லமுடியவில்லை. ஒரு மூச்சு இருக்கும். அந்த ஒரு மூச்சு அவளை அறைந்தது. மருந்துப் பை மடியிலிருந்து நழுவிக் காலடியில் விழுந்தது.

"எஜெ, மகனுக்குச் சொல்லணுமே" என்றான் துரத். "கீழ போயிட்டா சிக்னல் இல்லை."

போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருவருக்குமே தோன்றவில்லை. கூடாரம் நிற்கும்போது பார்ப்பதற்கு என்ன இருக்கிறது. மரிபா தைலாக்குக்குப் போன் செய்தாள். தகப்பன் செத்த செய்தியைப் பிள்ளையிடம் யாரும் நேராகச் சொல்வதில்லை. "தம்பி, அப்பாவுக்கு ரொம்ப முடியலை. இப்பவே கிளம்பி வா" என்றாள். அந்தப் பக்கம் ஒரு டயர் உருண்டு விழும் சத்தம் கேட்டது. "சரி எஜெ" என்று மட்டும் வந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த 'ஒன்பது' உள்ளே குத்திக்கொண்டிருந்தது. அதை அழிக்க வேண்டும்போல், நினைவில் இருந்த பழைய மிங்-தாஷ்காரர்கள் அத்தனை பேரையும் அழைத்தாள். பதினேழு பேர். எல்லோரிடமும் அதே சொற்கள். சாதபெக்குக்கு ரொம்ப முடியலை. எல்லோரும் வருகிறோம் என்றார்கள்.

நாலாம் பிளாக்குக்கு நூறு அடி முன்னால் துரத் வண்டியை நிறுத்தினான். சாவு வீட்டுக்கு ஆண்கள் அழுதுகொண்டேதான் நெருங்கவேண்டும். அவன் முன்னால் குனிந்து, "பைகெம் ஓய், மலையா இருந்தீங்களே" என்று ஓலமிட்டபடி நடந்தான். மரிபா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒப்பாரி எடுத்தாள். அவளுக்குப் பாட வராது. இருந்தும் சொற்கள் தாமாக வந்தன. பாறையைப் பிளந்தவரே, மூணாம் மாடி விளக்கே, நான் கொண்டுவந்த மருந்தை யாருக்குக் கொடுப்பேன்.

கூடாரத்தின் கதவுக் கம்பளி விலகியது. கையில் பாதி தின்ற பொரித்த மாவு உருண்டையோடு சாதபெக் வெளியே வந்தார்.

"யாரு செத்தது?" என்றார்.

துரத்தின் ஓலம் பாதியில் நின்றது. மரிபா புழுதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சாதபெக் அவளைத் தாண்டிப் பின்னால் எட்டிப் பார்த்தார், பிணம் அந்தப் பக்கம் இருப்பதுபோல. பிறகு கூடாரத்தைத் திரும்பிப் பார்த்தார். பிளாக்கைப் பார்த்தார். கையிலிருந்த உருண்டையை மெல்லக் கீழே இறக்கினார்.

அவர் முதுகுக்குப் பின்னால் ஏழு வெளிநாட்டு முகங்கள் எட்டிப் பார்த்தன. க்ளேப் கடைசியாக வந்தான். இடிந்த கட்டடங்களுக்கு நடுவே வெள்ளைக் கூடாரம், அதற்குள் மதிய விருந்து, அதுதான் அவன் யோசனை. முதலில் பார்த்த ஆற்றோர இடத்தில் காற்று பலமாக இருந்தது. தாத்தாவிடம் கேட்டானாம், இங்கே போட்டுக்கொள் என்றாராம். தடுக்க வேறு யாரும் ஊரில் இல்லை, எல்லோரும் மேலே புல் அறுக்கப் போயிருந்தார்கள்.

"உங்களுக்குத் தெரியாதா, பைகெ? வாசல்ல கூடாரம் போட்டா என்ன அர்த்தம்னு?" என்றாள் மரிபா.

"தெரியும். ஆனா நான் சாகலைங்கிறதும் எனக்குத் தெரியுமே."

அவர் கண்ணில் குறும்பு இல்லை. நிஜமாகவே அவ்வளவுதான் யோசித்திருந்தார். பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது என்பது அவருக்குத் தோன்றவில்லை.

வந்திருந்தவர்களில் ஒரு பெண் க்ளேப்பின் காதில் ஏதோ சொன்னாள். "அந்தப் பாட்டை இன்னொரு தடவை பாடமுடியுமான்னு கேக்கறாங்க" என்று க்ளேப் ஆரம்பித்தான். மரிபாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

துரத் வளைவுக்குத் திரும்ப ஓட்டிப்போய் எல்லோருக்கும் போன் செய்தான். வீண். மலைப் பாதையில் ஏறத் தொடங்கியவர்களுக்குச் சிக்னல் இல்லை, வண்டி ஓட்டிக்கொண்டிருந்த தைலாக் எடுக்கவில்லை. முதலில் புல் அறுக்கப் போனவர்கள், மேலேயிருந்து கூடாரத்தைப் பார்த்துவிட்டு, குதிரைகளில் அலறிக்கொண்டு வந்தார்கள். பிறகு கார்கள். ஒவ்வொரு காரும் நூறு அடி தள்ளி நின்றது, ஆண்கள் குனிந்தபடி ஓலமிட்டு நடந்தார்கள், வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த சாதபெக்கைக் கண்டு உறைந்தார்கள். ஒருவர் அவரைத் தொட்டுப் பார்த்தார். ஒரு பெரியவர் ஓலத்தை நிறுத்த முடியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டே மேலும் கொஞ்ச நேரம் அழுதார்.

"உன்னை யாரு செத்ததா சொல்லச் சொன்னது?" என்று பெண்கள் மரிபாவைச் சூழ்ந்தார்கள்.

"நான் செத்துட்டார்னு சொல்லவே இல்லை. ரொம்ப முடியலைன்னுதான் சொன்னேன்."

"வேற எப்படிச் சொல்வாங்க? அப்படித்தானே எல்லாரும் செத்திருக்காங்க."

வந்தவர்களில் மாம்பெத்அலியும் இருந்தார். மின் அலுவலகத்திலிருந்து எண்ண வருபவர் அவர்தான். தாய்வழியில் சாதபெக்குக்கு உறவு, அதனால் உண்மையாகவே கண் சிவந்திருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வழியெல்லாம் மரிபாவை எப்படிப் பார்ப்பேன்னு நினைச்சுக்கிட்டே வந்தேன்" என்றார். "ஒன்பதாயிடுச்சேன்னு." அவரும் அதே எண்ணைச் சொன்னதில் மரிபாவுக்கு ஆறுதல் வரவில்லை. "வந்ததுதான் வந்தேன். இன்னிக்கே எண்ணிட்டுப் போறேன், அடுத்த வாரம் ஒரு அலைச்சல் மிச்சம்" என்று சட்டைப் பையிலிருந்து படிவத்தை எடுத்தார்.

சாவுக்கென்று கொண்டுவந்த ஆட்டைத் திருப்பி ஓட்டிப்போக யாருக்கும் மனம் வரவில்லை. ஆபத்து நீங்கியதற்கென்று அதை அறுத்தார்கள். கொப்பரை ஏறியது.

பொழுது சாயும்போது வளைவில் ஒரு கார் தெரிந்தது.

"தைலாக்" என்றான் துரத். "ஓடிப்போய் நிறுத்திச் சொல்லிடறேன்."

"இரு" என்றார் சாதபெக். ஸ்டூலிலிருந்து எழுந்து கூடாரத்துக்குள் போனார். "அவன் என்ன சொல்லி அழறான்னு கொஞ்சம் கேக்கணும்."

"பைகெ, வேண்டாம்" என்றாள் மரிபா. "பாவம் அது."

"பதினொரு வருஷம் நான் கேக்கலை" என்றார் உள்ளேயிருந்து.

யாரும் அசையவில்லை. தைலாக் காரை விட்டு இறங்கினான். ஐம்பது வயது, கனத்த உடம்பு, கையில் டயர்க் கறுப்பு. நடக்கும்போதே அவன் குரல் உடைந்தது. "அத்தாம் ஓய்" என்று தகப்பனை அழைத்தான். "அப்பா, நீங்க வரமாட்டீங்கன்னு நான் வராம இருந்தேன். உங்களுக்குன்னு ஒரு அறை காலியா வெச்சிருக்கேன், அப்பா. சொல்லாம இருந்துட்டேனே, அத்தாம் ஓய்."

கம்பளி விலகியது. சாதபெக் நின்றார். முகம் நனைந்திருந்தது.

தைலாக் இரண்டு அடி பின்னால் போனான். பிறகு குனிந்து கொப்பரைப் பக்கம் வாந்தி எடுத்தான். பெண்கள் தண்ணீர் கொண்டு ஓடினார்கள். அவன் வாயைக் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்தான்.

"நாளைக்கு என்கூட வர்றீங்க" என்றான் கடைசியில்.

"வரலை. உயிரோட இருந்தவனைப் பார்க்க வராதவன், பொணத்துக்குன்னா எட்டு மணி நேரம் ஓட்டிக்கிட்டு வர்றான்." சாதபெக் திரும்பினார். "மாம்பெத்அலி, எழுது. பத்து."

மாம்பெத்அலி பேனா மூடியைக் கழற்றினார்.

மரிபா கொப்பரை அருகில் அகப்பையோடு நின்றிருந்தாள். அவள் செய்யவேண்டியது ஒன்றும் இல்லை, வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். பிள்ளைகள் இருவர் ஆட்டு எலும்புக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டு ஜன்னலில் அப்போதுதான் பல்பு எரிந்தது. சாதபெக் இரும ஆரம்பித்தார். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, வளைந்து, மூச்சு திரும்ப வரும்வரை இருமினார்.

"எழுதாதீங்க" என்றாள் மரிபா.

எல்லோரும் திரும்பினார்கள்.

"இந்த உயரத்துல இன்னொரு குளிர்காலம் இவர் இருக்கக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. மகன்கிட்ட சொல்லச் சொன்னாங்க."

"எப்போ சொன்னாங்க?" என்றான் தைலாக்.

"இன்னிக்குக் காலையில."

"மத்தியானமே வந்துட்டீங்க. இவ்வளவு நேரம் ஏன் சொல்லலை?"

"எண்ணி முடியட்டும்னு." அகப்பையைக் கீழே வைத்தாள். நிறுத்த முடியவில்லை. "வளைவுல கூடாரத்தைப் பார்த்தப்போ எனக்கு முதல்ல வந்தது ஒன்பதுதான். அப்புறம்தான் பைகெ வந்தார்."

ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். சாதபெக் மரிபாவை நெடுநேரம் பார்த்தார். கரி தூக்கிய முப்பது குளிர்காலங்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பதுபோல் இருந்தது.

"அப்போ அந்த ஒப்பாரி?" என்றார்.

"அதுவும் நிஜம்தான்."

அவர் தலையசைத்தார். ஒப்புக்கொண்டாரா, அலுத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை. மகனிடம், "உன் வீடு எத்தனாவது மாடி?" என்று கேட்டார்.

"ரெண்டு."

"ஒரு மாடி கம்மி" என்றார் சாதபெக்.

மறுநாள் காலை அவர் போனார். உள்பனியனைக் கொடியிலிருந்து தானே எடுத்து மடித்துக்கொண்டார். விடைபெறும்போது வழக்கம்போல ஒரு கிண்டல் வரும் என்று மரிபா எதிர்பார்த்தாள். வரவில்லை. மாம்பெத்அலி ஒன்பது என்று எழுதினார். பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் அவளிடம் இரண்டு வாரம் பேசவில்லை, பிறகு சாமான் கட்ட உதவி கேட்டு வந்தார்கள்.

அக்டோபர் பதினொன்றாம் தேதி மாம்பெத்அலி லைன்காரர்களோடு வந்தார். மரிபா சுவிட்சைத் தானே இறக்கினாள். நேரத்தை நோட்டில் எழுதினாள், சாவியையும் நோட்டையும் நீட்டினாள். அவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். முப்பது வருடம் பிந்தி, பொறுப்பை வாங்கிக்கொள்ள ஆள் வந்துவிட்டார்.

அவள் மாவட்டத் தலைநகரில் ஓர் அறை எடுத்தாள். சாதபெக் டிசம்பர்வரை போன் செய்யவில்லை. டிசம்பரில் செய்தார். "மூச்சு விடமுடியுது. ஆனா விடறதுக்குக் காரணம்தான் ஒண்ணும் தென்படலை" என்றார். அதன் பிறகு வாரம் ஒருமுறை பேசினார்கள்.

அடுத்த ஆகஸ்டில், கீழ் அறையில் விட்டுவந்த தையல் மிஷினை எடுக்க மரிபா துரத்தின் வேனில் மலை ஏறினாள். கடைசி வளைவில் ஊர் தெரிந்தது. அதே நாற்பது கட்டடங்கள், அதே வரிசை. கொடியில் துணி இல்லை. புகை இல்லை. அவளுக்கு உச்சந்தலையிலிருந்து கழுத்துவரை மயிர் சிலிர்த்தது. பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பதுபோல் துரத்தின் முழங்கையைப் பிடித்தாள். கீழே யாரோ கதவைத் தட்டினார்கள். தகரம்தான் அது. முப்பத்தொன்பது வருடம் கேட்ட சத்தம்.

நாலாம் பிளாக் வாசலில் க்ளேப்பின் வெள்ளைக் கூடாரம் நின்றது. வேண்டாம் என்று சொல்ல இப்போது அங்கே யாரும் இல்லை.

துரத் பிரேக் போட்டான். கை தானாக மேலே போய்த் தொப்பியைக் கழற்றியது. பிறகுதான் நினைவு வந்து, வெட்கத்தோடு அவளைப் பார்த்தான்.

"பழக்கம், எஜெ" என்று தொப்பியை மறுபடி தலைக்குக் கொண்டுபோனான்.

"கையிலேயே இருக்கட்டும்" என்றாள் மரிபா.